கம்ஸ்டூல் மேடும் 60 பவுண்டு கம்பளி மூட்டையும்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் டெட்பரி என்றொரு சிறிய சந்தை ஊர் இருக்கிறது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அன்று அங்கே ஆணும் பெண்ணும் முதுகில் கம்பளி மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு மேட்டுத் தெருவில் ஓடுகிறார்கள். ஆண்கள் மூட்டை 60 பவுண்டு, அதாவது 27 கிலோவுக்குச் சற்று மேல். பெண்கள் மூட்டை 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. ஓட வேண்டிய தூரம் 240 கெஜம். 220 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். திரளும் பணம் உள்ளூர் அறக் காரியங்களுக்குப் போகிறது.

எண்களை மட்டும் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. வீட்டுக்கு வருகிற 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட இரண்டு கிலோ கூடுதல், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் கம்ஸ்டூல் ஹில் என்ற அந்தத் தெரு, செங்குத்தான இடங்களில் நாலடி நடந்தால் ஓரடி உயர்கிறது. மூட்டையோ அரிசி போல உடம்போடு படிந்து கிடக்காது. கம்பளிக்குத் துள்ளும் குணம் உண்டு. ஓடுகிறவர் ஒரு தாளத்தில் குலுங்கினால் மூட்டை வேறொரு தாளத்தில் குலுங்கும். இந்தப் பந்தயத்தில் தோற்பவர்களில் பலரை வீழ்த்துவது எடை அல்ல, மேடும் மூட்டையின் போக்கும்தான்.

பந்தயத்தின் தோற்றத்துக்கு ஊரில் சொல்லும் கதை எளிது. 17ஆம் நூற்றாண்டில் சந்தைக்கு மந்தை ஓட்டி வந்த இளைஞர்கள், ஊர்ப் பெண்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கம்பளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த மேட்டில் ஏறி இறங்கிப் பந்தயம் கட்டினார்கள் என்பது கதை. தெருவின் ஒரு முனையிலும் மறு முனையிலும் இருந்த மதுக்கடைகள் பந்தயத்துக்கு எல்லையாயின. இன்றைய ஓட்டமும் மேலே கிரவுன், கீழே ராயல் ஓக் என்ற அந்த இரண்டு பப்களை வைத்துத்தான் அளக்கப்பட்டது.

கதையை நம்புவதில் தவறில்லை, ஆனால் மூட்டை விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் வரிக்கும் ஏற்றுமதிக்கும் கணக்கிட்ட கம்பளி மூட்டை 364 பவுண்டு எடையுள்ளது. 14 பவுண்டு கொண்ட 'ஸ்டோன்' என்ற அளவில் 26, கிலோவில் 165. அக்காலத்து ஆடு சிறியது, ஓர் ஆட்டிலிருந்து இரண்டு பவுண்டுக்கும் குறைவாகவே ரோமம் கிடைத்தது. ஆக ஒரு மூட்டை என்றால் 200 ஆட்டுக்கு மேல் கத்தரித்த ரோமம். அதை எவரும் முதுகில் போட்டு ஓடியிருக்க முடியாது. இருவர் சேர்ந்து உருட்டினாலே பெரிய வேலை. பொதி குதிரையில் ஏற்றும் கம்பளிப் பொதிக்கு வேறொரு அளவு இருந்தது: 240 பவுண்டு, இரு பக்கமும் 120 ஆகப் பிரித்துத் தொங்கவிடுவார்கள். இன்றைய ஆண்கள் மூட்டை அந்தக் குதிரைப் பொதியில் சரியாகக் கால் பங்கு. இளைஞர்கள் எதைத் தூக்கி ஓடியிருந்தாலும் அது வணிகர் மூட்டையாக இருந்திருக்காது, சந்தையில் கைக்குக் கிடைத்த சில்லறைப் பொதியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு சாதாரண மூட்டையைச் சுற்றி இவ்வளவு கதை ஏன் என்றால், இங்கிலாந்தின் செல்வமே அந்த மூட்டைக்குள்தான் இருந்தது. 1275இல் முதலாம் எட்வர்ட் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் வரி போட்டார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல ஆண்டுகளில் 40,000 மூட்டைக்கு மேல் கப்பலேறி ஃபிளாண்டர்ஸுக்கும் இத்தாலிக்கும் போயின. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் அவைத்தலைவர் உட்காரும் சாய்மானமில்லாத சிவப்பு இருக்கைக்கு இன்றும் கம்பளி மூட்டை என்றே பெயர். 1938இல் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது குதிரை மயிர். பிறகு பிரிட்டனிலிருந்தும் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் கம்பளி வரவழைத்து நிரப்பினார்கள். டெட்பரி மூட்டைக்கு அப்படி ஒரு களங்கம் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

டெட்பரி இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி நீளமான, பளபளப்பான ரோமம் தரும் பெரிய ஆடுகளுக்குப் பேர் போனது. 1655இல் கட்டிய சந்தை மண்டபம் ஊர் நடுவில் குட்டையான தடித்த தூண்கள்மேல் இன்னும் நிற்கிறது. அதன் நிழலில் கம்பளியையும் நூலையும் எடை போட்டு விற்றார்கள். அதற்குச் சற்று முன்பு, 1630களில், சந்தைச் சுங்க உரிமையைப் பிரபு குடும்பத்திடமிருந்து ஊர்க்காரர்களே பணம் திரட்டி வாங்கி, நிர்வகிக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள். ஊர்ப் பொதுக்காரியத்துக்கு ஊரே பணம் சேர்ப்பது அங்கே ஓட்டத்தோடு வந்த பழக்கமல்ல.

17ஆம் நூற்றாண்டில் கச்சாக் கம்பளியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை வந்தது. அந்தத் தடை 1820கள் வரை நீடித்தது. இறந்தவரைக் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்றுகூட 1660களில் சட்டம் போட்டார்கள். ஆகவே டெட்பரிக்கு வந்த கம்பளி அக்கம்பக்கத்து நெசவுக்கே போனது. பிறகு தண்ணீரால் ஓடும் ஆலைகள் வந்தன. மேட்டின்மேல் இருக்கும் டெட்பரியில் சக்கரம் சுற்றப் போதிய ஓடை இல்லை. தொழில் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிப் போய்விட்டது. சந்தை மண்டபமும் பழைய வீடுகளும் இடிபடாமல் அப்படியே தப்பியதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். ஊரைச் சந்தையாக்கிய மேடே தொழிலையும் விரட்டியது; இப்போது அதே மேட்டில் பந்தயம் நடக்கிறது.

கம்ஸ்டூல் என்பது அடிவாரத்துக் குளத்தில், வாயாடி என்று பட்டம் கட்டப்பட்ட பெண்களைக் கட்டி முக்கி எடுத்த நாற்காலியின் பெயர். இன்று அந்த மேட்டில் பெண்கள் 35 பவுண்டு தூக்கி ஓடுகிறார்கள்.

பழைய கதைக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது 1970களின் தொடக்கத்தில். ஏறக்குறைய அதே நேரத்தில், 1971இல் வந்த சட்டம் ஒன்று, ஈஸ்டருக்கு ஏழாவது வாரத்தில் இடம் மாறி மாறி வந்துகொண்டிருந்த விட்சன் திங்கள் விடுமுறையை மே மாதக் கடைசித் திங்கள் என்று நிலைநிறுத்தியது. விட்சன் வாரம் பழங்காலத்திலிருந்தே ஊர்த் திருவிழாக்களுக்கும் பலப்பரீட்சை விளையாட்டுகளுக்கும் உரிய வாரம். ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் பருவமும் அதையொட்டித்தான் ஆரம்பிக்கும். தேதி பொருந்தி வந்தது. இன்று அந்த நாளில் தெருவெல்லாம் கடை, பாட்டு, தின்பண்டம், நடுவில் ஓட்டம்.

தனி ஓட்டம் தவிர நால்வர் கொண்ட அஞ்சலோட்டமும் உண்டு. நால்வருக்கும் ஒரே மூட்டை, ஏறுவதும் இறங்குவதுமாக மாறி மாறி. 2007இல் தனி ஓட்டத்தில் ஒருவர் 45.94 வினாடியில் முடித்தது கின்னஸில் ஏறியது. சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர். வெறுங்கையோடு சமதரையில் அந்த வேகத்தில் 220 மீட்டர் ஓடிப் பார்த்தாலே அதன் அருமை புரியும்.

மேடு என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 75 கிலோ எடையுள்ளவர் 27 கிலோ மூட்டையோடு, நாலுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், வினாடிக்கு 3 மீட்டர் போகிறார் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாடியும் 102 கிலோவை முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மேலே தூக்குகிறார். அதற்கு மட்டும் ஏறக்குறைய 730 வாட் வேண்டும், அதாவது ஒரு குதிரைத்திறனுக்கு மயிரிழை குறைவு. மூட்டை இல்லாமல் அதே வேகத்துக்கு 535 வாட் போதும். நல்ல பயிற்சி உள்ளவர் உடம்பு 700 வாட்டுக்கு மேல் தரும், ஆனால் அரை நிமிடம் தாண்டினால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆகவே முதல் 50 மீட்டரில் கூட்டத்தின் சத்தத்துக்கு மயங்கிப் பாய்ந்தவர்கள் செங்குத்தான பகுதியில் நடக்க ஆரம்பிப்பது இங்கே சகஜம். ஓட்டத்திலிருந்து நடைக்கு மாறுவது அவமானமல்ல. நடையிலிருந்து மறுபடி ஓட்டத்துக்கு மாறுவதுதான் கிட்டத்தட்ட முடியாத காரியம். தொடக்கத்தில் முழு வேகத்தில் முக்கால் பங்குதான் கொடுக்க வேண்டும்.

இனி மூட்டை. சணல் கோணிக்குள் கம்பளியை அடைத்துத் தைப்பது எளிது போலத் தெரியும், ஆனால் ஓட்டம் கெடுவதும் தேறுவதும் இங்கேதான். பழைய காலத்தில் பெரிய கோணியை உத்தரத்தில் தொங்கவிட்டு, ஓர் ஆள் உள்ளே இறங்கி அடுக்கடுக்காக மிதித்து அடைப்பார். காரணம் உண்டு. தளர்வாக அடைத்த மூட்டை தோளில் கிடக்கும்போது நடுவில் மடிந்து இரு முனையும் தொங்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த முனைகள் விலாவில் அடிக்கும். அடுக்குக்கு இரண்டு மூன்று கிலோ போட்டு, மிதித்து இறுக்கி, அடுத்ததைப் போட வேண்டும். 60 பவுண்டு என்பது கோணியும் நூலும் சேர்ந்த எடை என்று வைத்தால் குழப்பம் வராது. வாயை மெழுகு தேய்த்த சணல் நூலால் நெருக்கமாகத் தைக்க வேண்டும். நான்கு மூலையிலும் ஒரு பிடி கம்பளியைத் தனியாக ஒதுக்கி இறுக்கிக் கட்டினால் காது போலப் புடைத்து நிற்கும். இது அலங்காரமல்ல, பழைய கம்பளி வணிகர் மூட்டைகளிலும் தூக்குவதற்கு இந்தக் காதுகள் இருந்தன. காது இல்லாத மூட்டையை வியர்த்த விரல்களால் ஓடும்போது பிடிக்க முடியாது.

கம்பளிக்கு இன்னொரு குணமும் உண்டு, நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். தன் உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் நனைந்த உணர்வே இருக்காது. உலர்ந்த கிடங்கில் எடை போட்ட மூட்டையை ஈரப் புல்லில் ஓர் இரவு வைத்தால் காலையில் அது வேறு மூட்டை. பத்தில் ஒரு பங்கு ஏறினாலே 6 பவுண்டு கூடுதல். அதுவும் எல்லா மூட்டையும் ஒரே மாதிரி ஏறாது. ஓரத்தில் கிடந்தது அதிகம் குடிக்கும், நடுவில் இருந்தது குறைவு. இருவர் போட்டி போட்டு ஓடும்போது இது அநியாயம். மரப்பலகைமேல் அடுக்கி, தார்ப்பாயால் மூடி, காலையில் ஒரு முறையும் இறுதிச் சுற்றுக்கு முன் ஒரு முறையும் எடை போடுவதுதான் வழி. மே மாதக் கடைசியில் இங்கிலாந்தில் மழை வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மூட்டையைத் தோளில் வைக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தோளில் போடுவது சமதரையில் நடக்க மட்டும் சரி. மேட்டில் உடம்பு ஒரு பக்கம் கோணி, பத்து அடிக்குள் இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். முதுகின் நீளவாக்கில் தொங்கவிட்டால் மூட்டையின் அடிப்பகுதி இடுப்பில் மோதும். நன்றாக ஓடுகிறவர்கள் குறுக்காகத்தான் போடுகிறார்கள். பிடரியில் தலைகுனிந்தால் புடைக்கும் எலும்பு ஒன்று உண்டு. மூட்டையின் நடு அந்த எலும்பின்மேல் அல்ல, அதற்கு நாலு விரல் கீழே, தோள்பட்டைச் சதையில் அமர வேண்டும். கழுத்தின்மேல் வைத்தால் தலை தானாகக் குனியும், தலை குனிந்தால் மூச்சுக்குழல் மடங்கும், பார்வை கால்விரலில் விழும். மூன்றும் சேர்ந்தால் பாதி வழியில் முடிந்தது.

வேறு ஒருவர் ஏற்றிவிடுவது நல்லது. முழங்காலை மட்டும் லேசாக மடித்து முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். அவர் மூட்டையைப் பின்னாலிருந்து கிடையாகப் பிடித்து முதுகின்மேல் வைக்கட்டும். கைகளை மேலே கொண்டுபோய் முன்பக்கத்து இரு காதுகளையும் பிடித்து, கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இழுங்கள். இந்த இழுவிசைதான் மூட்டையின் துள்ளலை அடக்கும். பிடி தளர்ந்தால் மூட்டை ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரல்கடை எழும்பி, கால் தரையில் ஊன்றும் தருணத்தில் விழும். அந்த அடி முழங்காலில் இறங்கும்.

கை இரண்டும் மேலே மாட்டிக்கொண்டதால் வீசி ஓட முடியாது. கைவீச்சு இல்லாமல் அடி நீண்டால் இடுப்பு முறுகும், மூட்டை பக்கவாட்டில் வழுகும். எனவே அடிகள் குறுகியும் விரைவாகவும் இருக்க வேண்டும். முன்பாதத்தில் ஊன்றி, குதிகாலைத் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும். மேட்டுக்குச் சாய்வது கணுக்காலிலிருந்து. இடுப்பிலிருந்து மடங்கினால் மூட்டை பிடரிக்கு உருளும். பார்வை ஐந்து மீட்டர் முன்னால். கை உயர்ந்திருப்பதால் நெஞ்சு முழுதாக விரியாது, ஆழமாக இழுக்கப் போனால் திணறும். இரண்டடிக்கு ஒரு மூச்சு என்று சின்னதாக, சத்தமாக ஊதித் தள்ளுவது உதவும்.

இறங்குவது சுலபம் என்பது அஞ்சலோட்டத்தில் முதல் முறை பேர் கொடுப்பவர்களின் நம்பிக்கை. மூச்சு வாங்காது என்பது உண்மை. ஆனால் உடம்பின் உயரமான இடத்தில் 27 கிலோ உட்கார்ந்திருக்கிறது. சரிவில் கால் நிற்க நினைத்தாலும் அது நிற்காது, தலைக்கு மேலாக முன்னால் போகப் பார்க்கும். தடுக்க வேண்டியது முன்தொடைத் தசைகள். அவை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கும்போது வலி தெரியும். இறக்கத்தில் மூட்டையைச் சற்றுக் கீழே விட்டு, முழங்காலை எப்போதும் மடித்தே வைத்து, ஏற்றத்தைவிடவும் குட்டையான அடிகளாக எடுக்க வேண்டும். நிலைதடுமாறினால் மூட்டையைப் பின்னால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பிடித்துக்கொண்டே விழுந்தால் தரையில் ஊன்றக் கை இருக்காது, முகம்தான் ஊன்றும்.

அஞ்சலோட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் மூட்டை கைமாறும் இடத்தில்தான். மூட்டையைத் தரையில் இறக்கி அடுத்தவர் தூக்கும் குழு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல வினாடிகளை இழக்கும். மூன்று மாற்றத்தில் போட்டியே போய்விடும். வாங்குபவர் ஓட வேண்டிய திசையைப் பார்த்து, முழங்காலை மடித்து, கையை மேலே உயர்த்தித் தயாராக நிற்க வேண்டும். வருபவர் அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் வந்து நின்று, மூட்டையின் ஒரு முனையை முதலில் அவர் முதுகில் ஏற்றி, மறு முனையைத் தள்ளிவிட வேண்டும். மூட்டை தரையைத் தொடாது, உருண்டு மாறும். இருவருக்கும் உயரம் ஒரு சாணுக்கு மேல் வேறுபட்டால் இது சரியாக வராது, ஆகவே குழு அமைக்கும்போதே உயரம் பார்த்து அடுத்தடுத்து நிறுத்துங்கள். தொடை பலமுள்ளவர்கள் ஏறட்டும், கால் லாகவமுள்ளவர்கள் இறங்கட்டும்.

பயிற்சிக்கு மணல் மூட்டை வேண்டாம். 27 கிலோ மணல் சிறிய தலையணை அளவுக்குத்தான் இருக்கும், முதுகில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதில் பழகியவருக்குக் கம்பளி மூட்டையின் பருமன் புதிதாக இருக்கும். பழைய போர்வைகளைக் கோணியில் இறுக்கி அடைத்து, நடுவில் மட்டும் தேவையான அளவு அரிசியோ தானியமோ பையில் கட்டி வைத்தால் பருமனும் எடையும் ஓரளவு ஒத்துவரும். முதல் இரண்டு வாரம் வெறும் முதுகோடு மேடு ஏறுங்கள். பிறகு 10 கிலோ, வாரத்துக்கு ஐந்து கிலோ ஏற்றம். முழு எடையைக் கடைசி இரு வாரத்தில், அதுவும் வாரத்தில் இரு நாளுக்கு மேல் வேண்டாம். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்து ஆர்வக்கோளாறால்தான். போட்டியன்று தன் முறை வருவதற்குள் உடம்பு ஆறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசையில் நிற்கும்போதும் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து மூடிய தடித்த பனியன் போடாவிட்டால் சணல் பிடரியை உரித்துவிடும். காலணிக்கு ரப்பர் அடி போதும், ஆணி வைத்தது தார்ச்சாலையில் சறுக்கும்.

அறக்கொடை என்ற பக்கத்துக்கு வந்தால், ஓட்டம் ஒரு காந்தம் மட்டுமே. இப்படிப்பட்ட விழாக்களில் பணம் பல வாசல்களில் வருகிறது. நுழைவுக் கட்டணம், தெருக்கடைகளுக்கான வாடகை, நிகழ்ச்சி நிரல் விற்பனை, வணிகர்களின் ஆதரவு, உண்டியல், ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் திரட்டும் நன்கொடை. இவற்றில் பலரும் கோட்டைவிடுவது கடைசியில் சொன்ன நன்கொடையில். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு கொடுத்து ஒரு படிவத்தில் ஒப்புதலும் தந்தால், அரசு மேலும் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். நுழைவுக் கட்டணத்துக்கு இது பொருந்தாது, ஏனென்றால் அதற்குப் பதிலாக ஓடும் உரிமை கிடைத்துவிட்டது. பொருந்துவது நன்கொடைக்கு மட்டும். நன்கொடைத் தாளில் கொடுத்தவரின் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இல்லாவிட்டால் அந்தக் கால் பங்கு போச்சு. பெயருக்குப் பதில் 'மாமா', 'அடுத்த வீடு' என்று எழுதிக் கொண்டுவருகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தெருவை மூடுவதற்கும் உண்டியல் ஏந்துவதற்கும் இங்கிலாந்தில் தனித்தனி அனுமதி. திருவிழாவுக்குத் தெருவை மூடப் பல உள்ளாட்சிகள் இன்னும் 1847ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தைத்தான் பயன்படுத்துகின்றன; தெருவில் பணம் திரட்டும் அனுமதிக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றுக்கு மனு போடுவது சில மாதங்களுக்கு முன்பே நடக்க வேண்டும். காப்பீடும் முதலுதவிக் குழுவும் இல்லாமல் அனுமதி கிடைப்பது கடினம். உண்டியலுக்கு முத்திரை வைத்து, இருவர் சேர்ந்து திறந்து, இருவரும் கையெழுத்திட்டு எண்ணுவது மரியாதைக் குறைவல்ல. எண்ணுகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாரம் தூக்கி ஓடும் பந்தயம் இங்கிலாந்தில் இது ஒன்றுதான் என்றில்லை. யார்க்‌ஷயரின் காத்தார்ப்பில் ஈஸ்டர் திங்களன்று நிலக்கரி மூட்டை ஓட்டம் நடக்கிறது. 1963இல் ஒரு பப்பில் யார் பலசாலி என்ற வாக்குவாதத்தில் பிறந்தது. ஆண்களுக்கு 50 கிலோ, பெண்களுக்கு 20 கிலோ, தூரம் 1012 மீட்டர். 1990களில் எட்டிய 4 நிமிடம் 6 வினாடி அங்கே பெரிய சாதனை. தொடங்கும் இடம் அங்கும் ஒரு ராயல் ஓக் பப். ஆனால் அங்கே ஓடுவது வேறு உடம்பு. நிலக்கரி கனத்தது, கட்டியானது, ஆனால் துள்ளாது. தோளில் ஒருமுறை சரியாக உட்கார்ந்தால் கடைசிவரை அப்படியே இருக்கும். காத்தார்ப்பில் நான்கைந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் மூச்சும் கனத்தைச் சகிக்கும் முதுகும் போதும். டெட்பரிக்கு ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும் வெடிப்பு வேண்டும். ஒன்றில் ஜெயித்தவர் மற்றதில் எளிதாக ஜெயித்துவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு விசித்திரம்: டெட்பரி மேட்டில் மூட்டையோடு ஏறும் அதே திங்கட்கிழமை, அதே குளொஸ்டர்ஷயரின் கூப்பர்ஸ் ஹில்லில் உருளும் பாலாடைக்கட்டிச் சக்கரத்தைத் துரத்திக்கொண்டு ஆட்கள் உருண்டு விழுகிறார்கள். உலகத்துக் கேமராக்கள் அங்கேதான் போகும், எலும்பு முறிவும் அங்கேதான் அதிகம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஓடினால் இரண்டும் பாதிதான் கிடைக்கும். டெட்பரி என்று முடிவு செய்தால் காலையிலேயே போய்விடுவது நல்லது, தெருக்கள் மூடியிருக்கும், வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டிவரும். முடிவுக்கோட்டில் இடம் பிடிக்கத்தான் எல்லோரும் முண்டுவார்கள். செங்குத்தான பகுதி தொடங்கும் இடத்துக்குப் பத்து மீட்டர் மேலே நின்றால், ஓட்டம் நடையாக மாறுவதும், மூட்டை வழுகுவதும், அதைத் தூக்கி மறுபடி பிடரிக்குக் கீழே ஏற்றுவதும் கண்ணெதிரில் தெரியும். அஞ்சலோட்டம் வரும்போது மட்டும் கைமாறும் முனைக்குப் போய்விடுங்கள்.